நீடித்த இதய மேலறை நடுக்கத்திற்கு அறுவையும் கதீட்டரும் இணைந்த சிகிச்சை: காரிமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்கும் நோய்நிலை மாதக்கணக்கில் நீடிக்கும்போது, மருந்தும் கதீட்டர் சிகிச்சையும் தனித்தனியே தரும் பயன் குறைந்துவிடுகிறது. இந்நிலையில் இதயத்தின் வெளிப்புறத்தில் அறுவை மருத்துவரும் உட்புறத்தில் மின்னியல் மருத்துவரும் இணைந்து செய்யும் கூட்டுச் சிகிச்சை கடந்த பதினைந்து ஆண்டுகளில் உருப்பெற்றுள்ளது. அதன் உடற்கூற்று அடிப்படை, செயல்முறை, சான்றுகள், வரம்புகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் போன்ற ஒரு வட்டாரத்து நோயாளிக்கு இம்முறை எந்த அளவில் பொருந்தும் என்பதையும், அவருக்கு இதனைத் தமிழில் எடுத்துரைப்பதில் எழும் சொற்சிக்கலையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேலறை நடுக்கம், கூட்டுச் சிகிச்சை, கதீட்டர், ஈரிதழ் வால்வு, ருமாட்டிக் இதயநோய், மருத்துவக் கலைச்சொல், காரிமங்கலம்

முன்னுரை

கிருட்டிணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பேரூர் காரிமங்கலம். குன்றின்மேல் அருணேசுவரர் கோயில், ஊரைச் சுற்றிலும் வானம் பார்த்த நிலம், வேலைக்காகப் பெங்களூருவுக்குச் செல்லும் இளைஞர் என அதன் அடையாளங்கள் அமைகின்றன. மருத்துவத்தைப் பொறுத்தவரை இவ்வூர் ஓர் இடைநிலையில் இருக்கிறது. தருமபுரியில் 2008 முதலும் கிருட்டிணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. இதய மின்னியல் ஆய்வகமும் திறந்த இதய அறுவையும் வேண்டுமெனில் பெங்களூரு, சேலம், வேலூர், சென்னை ஆகிய நகரங்களை நாட வேண்டும். எனவே இங்குள்ள நோயாளி ஒருவருக்கு, 'எந்தச் சிகிச்சை சிறந்தது' என்னும் வினாவோடு 'எந்தச் சிகிச்சைக்காக எத்தனை முறை பயணப்படுவது' என்னும் வினாவும் சேர்ந்தே எழுகிறது. கூட்டுச் சிகிச்சையைப் பற்றிய விளக்கம் இவ்விரண்டாம் வினாவையும் கருத்திற்கொண்டால்தான் பயன்தரும்.

நடுக்கத்தின் இயல்பு

இயல்பான இதயத்தில் வலது மேலறையின் உச்சியிலுள்ள முடிச்சிலிருந்து ஒரு மின்தூண்டல் புறப்பட்டு இரு மேலறைகளிலும் பரவி, நடுமுடிச்சைக் கடந்து கீழறைகளைச் சென்றடைகிறது. மேலறை நடுக்கத்தில் இந்த ஒற்றைத் தலைமை மறைந்துவிடுகிறது. பல சிற்றலைகள் ஒன்றையொன்று துரத்திச் சுழல, மேலறைத் தசை சுருங்குவதற்கு மாறாகத் துடிதுடிக்கிறது. நடுமுடிச்சு அவற்றுள் சிலவற்றை மட்டும் கீழே விடுவதால் நாடி எவ்வகை ஒழுங்குக்கும் உட்படாமல் ஓடுகிறது. விரல் நுனியால் நாடி பார்த்தே ஐயுறத்தக்க நோய்களுள் இதுவும் ஒன்று. எனினும் மின்னிதய வரைபடமே இதனை உறுதிசெய்யும்.

ஏழு நாள்களுக்குள் தானாகவோ சிகிச்சையாலோ அடங்குவதை விட்டுவிட்டு வரும் நடுக்கம் என்றும், ஏழு நாள்களைத் தாண்டுவதை நீடித்த நடுக்கம் என்றும், பன்னிரண்டு மாதங்களைக் கடந்ததை நெடுநாள் நீடித்த நடுக்கம் என்றும் மருத்துவர் வகுக்கின்றனர். இப்பாகுபாடு காலக்கணக்கு போலத் தோன்றினும், உண்மையில் தசையின் நிலையையே அது குறிக்கிறது. நடுங்கும் மேலறை நாளடைவில் விரிகிறது. தசையிழைகளுக்கிடையே நார்த்திசு படிகிறது. அந்நார்த்திசு மின்னலைகளைப் பிளந்து மேலும் நடுக்கத்தை வளர்க்கிறது. நடுக்கமே நடுக்கத்தைப் பெருக்கும் இந்தச் சுழற்சியால்தான் தாமதம் விலைமிக்கதாகிறது. நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் இதயச் சீரை மீட்க முயன்றால் பயன் உண்டா என 2,789 நோயாளிகளிடம் சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2020இல் வெளியாகி, முந்தி முயல்வதே நன்று எனக் காட்டியது.

நடுக்கத்தின் பெருங்கேடு படபடப்பன்று, பக்கவாதமே. சுருங்காத மேலறையில் இரத்தம் தேங்கி, குறிப்பாக இடது மேலறையின் காதுமடல் போன்ற துணைப்பையில் உறைந்து, அவ்வுறைவு மூளைக்குச் செல்லக்கூடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊர்மக்களிடம் நடைபெற்ற நெடுங்கால ஆய்வு, வால்வு நோயில்லாத நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்றும், ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்த நடுக்கம் அதனை ஏறத்தாழப் பதினேழு மடங்காக்குகிறது என்றும் கண்டது. இவ்விரு எண்களுக்கிடையேயுள்ள இடைவெளி இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

இருவேறு மரபுகள்

நடுக்கத்தைத் தசையிலேயே தடுத்து நிறுத்தும் முயற்சி இரண்டு மரபுகளாக வளர்ந்தது. முதலாவது அறுவை மரபு. செயின்ட் லூயிசு நகரத்து வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சேம்சு காக்சு 1987இல் ஓர் அறுவையைச் செய்தார். மேலறைகளைக் குறித்த கோடுகளில் வெட்டித் தைத்தால், தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. சுழலும் அலைக்கு வட்டமிட இடமிராது. முடிச்சிலிருந்து வரும் தூண்டல் மட்டும் வளைந்து நெளிந்து வழி கண்டுபிடித்துச் செல்லும். இப்புதிர்ப்பாதைக் கருத்தே அவ்வறுவைக்குப் பெயராயிற்று. பயன் மிகுதியாயினும், நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, நெடுநேரம் செய்ய வேண்டிய அறுவை அது. பின்னர் கத்தியின் இடத்தில் வானொலி அலைவெப்பமும் உறைகுளிரும் வந்து நேரத்தைக் குறைத்தன.

இரண்டாவது கதீட்டர் மரபு. பிரான்சின் போர்தோ நகரத்து மிசேல் ஐசகேர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுவிட்டு நடுக்கம் வந்த 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தூண்டிய 69 மின்மூலங்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. இடது மேலறையில் திறக்கும் அந்நான்கு சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டு, அவற்றை மின்னியல்முறையில் தனிமைப்படுத்துவதே இன்றுவரை கதீட்டர் சிகிச்சையின் அடித்தளமாக உள்ளது. தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகளுக்கிடையிலான சுவரைத் துளைத்து இடப்புறம் சென்று இது செய்யப்படுகிறது. நெஞ்சைத் திறக்க வேண்டுவதில்லை.

விட்டுவிட்டு வரும் நடுக்கத்திற்குச் சிறந்த பயன் தந்த இம்முறை நீடித்த நடுக்கத்தில் தடுமாறியது. தூண்டும் மூலம் சிரையில் இருந்தாலும், நடுக்கத்தைத் தாங்கி நிற்கும் தசை மேலறை முழுதும் பரவிவிட்டதே காரணம். அப்படியாயின் கூடுதல் இடங்களில் சுட்டால் போதுமே என்னும் எண்ணம் இயல்பானது. அதனை 589 நோயாளிகளிடம் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2015இல் எதிர்பாராத விடையைத் தந்தது. சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தியவர்களுள் 59 விழுக்காட்டினர் நடுக்கம் திரும்பாதிருந்தனர். கூடுதலாகச் சிதைந்த மின்குறிகளையும் சுட்ட குழுவில் அது 49 விழுக்காடு, கூடுதல் கோடுகளைச் சுட்ட குழுவில் 46 விழுக்காடு. வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று எனினும், அதிகம் சுட்டால் அதிகப் பயன் என்னும் நம்பிக்கை இவ்வாய்வோடு தளர்ந்தது.

இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் வலுவானது, உள்ளிருந்து இடப்படும் கோடு சுவரின் முழுத் தடிப்பையும் கடப்பதில்லை என்பது. கோட்டில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் அலை அதன் வழியே புகுந்துவிடும். குறைபட்ட கோடு, கோடே இல்லாததைவிடத் தீங்காகவும் முடியலாம்.

பின்சுவரும் கூட்டு முறையும்

இடது மேலறையின் பின்சுவர் தனித்தன்மை உடையது. கருவளர்ச்சியில் அது நுரையீரல் சிரைகளோடு ஒரே மூலத்திலிருந்து உருவாகிறது. ஆதலால் சிரைகளைப் போலவே அதுவும் நடுக்கத்தைத் தூண்டவும் தாங்கவும் வல்லது. அதன் தசை ஓரடுக்கினதன்று. உட்படலத்தை ஒட்டிய இழைகள் ஒரு திசையிலும், வெளிப்படலத்தை ஒட்டிய இழைகள் வேறொரு திசையிலும் ஓடுகின்றன; சில இடங்களில் இடையே கொழுப்பு அவற்றைப் பிரிக்கிறது. உள்ளே முழுமையாகச் சுட்டதாகத் தோன்றும் இடத்திலும் வெளியடுக்கு உயிரோடிருந்து மின்னலையைப் பாலம்போல் கடத்தக்கூடும். மேலும் பின்சுவருக்கு நேர்ப்பின்னால் உணவுக்குழாய் செல்கிறது. உள்ளிருந்து ஆழமாகச் சுட முனைந்தால் வெப்பம் உணவுக்குழாயைப் புண்ணாக்கி, சில வாரங்களில் இதயத்திற்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழலாம். இது அரிது, ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. கதீட்டர் மருத்துவரின் கை இவ்விடத்தில் தயங்குவதில் நியாயம் உண்டு.

கூட்டுச் சிகிச்சை இச்சிக்கலைப் பங்கிட்டுக்கொள்கிறது. நெஞ்செலும்பின் கீழ்முனைக்குக் கீழே சிறு கீறலிட்டு, இதய உறையைத் திறந்து, நோக்கியின் துணையோடு அறுவை மருத்துவர் பின்சுவரை வெளிப்புறத்திலிருந்து சுடுகிறார். அவர் பயன்படுத்தும் கருவி உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. வெப்பமுனை இதயத்தை நோக்கியும், மறுபக்கம் காப்பிட்டு உணவுக்குழாயை நோக்கியும் இருக்கும். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். இதய-நுரையீரல் இயந்திரம் தேவைப்படுவதில்லை. பின்னர் மின்னியல் மருத்துவர் கதீட்டர் வழியே உள்ளே சென்று, இதய உறையின் மடிப்புகள் மறைத்ததால் வெளியிலிருந்து எட்டமுடியாத சிரைவாய்களை முடித்து, மின்வரைபடம் எடுத்து, இடைவெளி எஞ்சியிருப்பின் அடைக்கிறார். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் சரிபார்க்கும் இந்த ஏற்பாட்டில்தான் இம்முறையின் உயிர் உள்ளது. அறுவை மருத்துவர் தனியே செய்யும்போது கோடு முழுமையானதா எனக் காண அவரிடம் உள்வரைபடம் இல்லை. மின்னியல் மருத்துவர் தனியே செய்யும்போது வெளியடுக்கு அவர் கைக்கு எட்டுவதில்லை.

மற்றொரு வகையில், விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகளிட்டு மார்பகநோக்கி வழியே நுரையீரல் சிரைகளை இடுக்கிபோன்ற கருவியால் பற்றிச் சுடுவர். நெதர்லாந்தின் மாசுடிரிக்டு மருத்துவர்கள் இதனைக் கதீட்டரோடு இணைத்து 2012இல் விவரித்தனர். இவ்வகையில் இடது மேலறைத் துணைப்பையை வெளியிலிருந்தே கவ்வியிட்டு மூடிவிடவும் இயல்கிறது. இரு கட்டங்களையும் ஒரே நாளில் செய்வதும் உண்டு. சுட்ட இடம் ஆறி, இடைவெளிகள் வெளிப்படட்டும் எனச் சில மாதம் பொறுத்து இரண்டாம் கட்டத்தைச் செய்வதும் உண்டு. இரண்டாவதே அறிவியல் நோக்கில் பொருத்தமானதாகத் தோன்றினும், தொலைவூர் நோயாளிக்கு அது இரண்டு மருத்துவமனைத் தங்கல்களையும் இரண்டு முறை கூலியிழப்பையும் குறிக்கும்.

சான்றுகள் கூறுவன

சமவாய்ப்பு முறையிலான ஆய்வுகளுள் இரண்டு முதன்மையானவை. 2020இல் வெளிவந்த 'கன்வெர்ஜ்' ஆய்வு, மருந்துக்கு அடங்காத நீடித்த நடுக்கமுடைய 153 பேரை இருவருக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் கூட்டு முறைக்கும் கதீட்டர் முறைக்கும் பிரித்தது. பன்னிரண்டு மாத முடிவில், புதிய மருந்தோ கூடுதல் மருந்தளவோ இன்றி நடுக்கம் திரும்பாதிருந்தோர் கூட்டு முறையில் 67.7 விழுக்காடு, கதீட்டர் முறையில் 50.0 விழுக்காடு. நெடுநாள் நீடித்த நடுக்கமுடையோரை மட்டும் பிரித்துப் பார்த்தால் இவ்வெண்கள் 65.8, 37.0 என விலகுகின்றன. இவ்வடிப்படையிலேயே அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் அக்கருவிக்கு நெடுநாள் நீடித்த நடுக்கத்திற்கென ஒப்புதல் அளித்தது. மார்பகநோக்கி வகையைச் சோதித்த 'சீசு-ஏஎஃப்' என்னும் ஐரோப்பிய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. 154 பேர் சேர்ந்த அதில் ஓராண்டுப் பயன் கூட்டு முறையில் 71.6 விழுக்காடு, கதீட்டர் முறையில் 39.2 விழுக்காடு.

இவற்றுக்கு எதிர்ச்சான்று போல ஓர் ஆய்வைச் சுட்டுவதுண்டு. நீடித்த நடுக்கமுடைய 338 பேரிடம் சிரைகளோடு பின்சுவரையும் கதீட்டராலேயே உள்ளிருந்து தனிமைப்படுத்திய 'காப்லா' ஆய்வு 2023இல் வெளியாகியது. பின்சுவரைச் சேர்த்த குழுவில் 52.4 விழுக்காடு, சேர்க்காத குழுவில் 53.6 விழுக்காடு எனப் பயன் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. பின்சுவரே முக்கியமன்று என இதனைப் படிக்கலாம். உள்ளிருந்து மட்டும் சுட்டால் பின்சுவர் முழுமையாக அடங்குவதில்லை என்றும் படிக்கலாம். இரண்டாம் வாசிப்பே உடற்கூற்றோடு இயைகிறது. ஆயினும் கூட்டு முறைக்கு ஆதரவானவர் முதல் வாசிப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. கூட்டு ஆய்வுகள் அளவிற் சிறியவை. எந்தச் சிகிச்சை பெற்றோம் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடைபெற்றவை. பயனை ஓராண்டளவில் கணக்கிட்டவை. பக்கவாதமும் இறப்பும் குறைகின்றனவா என்பதை அறியும் அளவுக்கு அவற்றில் ஆள்தொகை இல்லை.

கேடுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். 'கன்வெர்ஜ்' ஆய்வின் கூட்டுக் குழுவில் 7.8 விழுக்காட்டினருக்குப் பெருந்தீங்கு ஏதேனும் ஒன்று நேர்ந்தது, இறப்பு நிகழவில்லை. கூட்டு முறைக்கே உரிய ஒரு தீங்கு, இதய உறையில் நீர் மெல்லச் சேர்ந்து இதயத்தை அழுத்துதல். அது வீடு திரும்பிச் சில வாரம் கழித்தும் வரலாம். நகர மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவருக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் செய்தி. காரிமங்கலத்தில் இருப்பவருக்கோ, மூச்சுத் திணறல் தோன்றியவுடன் அருகிலுள்ள மருத்துவமனையில் எதிரொலி இதயப்படம் எடுக்கப்பட வேண்டும். எடுப்பவருக்கு இச்சிகிச்சை நடந்த செய்தி தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனை விடுப்புச் சுருக்கத்தில் இந்த ஒரு வரி தமிழிலும் இருப்பது உயிர்காக்கும்.

வால்வு நோயும் வட்டார உண்மையும்

மேற்கண்ட ஆய்வுகள் அனைத்தும் வால்வு அறுவை தேவைப்படாத நோயாளிகளைப் பற்றியவை. இந்திய நிலை வேறு. இந்திய இதயச்சீர்க் கழகத்தின் பதிவேடு 24 மையங்களில் 1,537 நடுக்க நோயாளிகளைத் தொகுத்தது. அவர்களின் சராசரி வயது 54.7, ஏறத்தாழப் பாதிப்பேர், அதாவது 47.6 விழுக்காட்டினர், ருமாட்டிக் வால்வு நோயுடையோர். மேலைநாட்டு நடுக்கம் பெரும்பாலும் முதியோர் நோய். இங்கோ அது இளமையில் தொண்டைப்புண்ணாகத் தொடங்கி, ருமாட்டிக் காய்ச்சலாகி, ஈரிதழ் வால்வைச் சுருக்கி, உழைக்கும் வயதில் மேலறையை விரித்து நடுங்கச் செய்யும் நோயாகவும் இருக்கிறது. நெரிசலும் வறுமையும் அதன் விளைநிலம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர்கள் சுருங்கிய ஈரிதழ் வால்வை மூடிய முறையில் விரித்த 3,724 பேரின் நெடுங்கால விளைவுகளை 1983இல் வெளியிட்டனர். ஒரே மருத்துவமனையின் இந்த எண்ணிக்கை அந்நோய் இப்பகுதியில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குப் போதிய சான்று.

இந்நோயாளிக்கு நெஞ்சை எப்படியும் திறந்தாக வேண்டும். எனவே கேள்வி மாறுகிறது: வால்வை மாற்றும் அதே நேரத்தில் நடுக்கத்தையும் சுட்டுவிடுவதா? ஈரிதழ் வால்வு அறுவைக்கு வந்த, நீடித்த நடுக்கமுடைய 260 பேரிடம் இது சோதிக்கப்பட்டு 2015இல் வெளியாயிற்று. சுட்டவர்களுள் 63.2 விழுக்காட்டினரும் சுடாதவர்களுள் 29.4 விழுக்காட்டினரும் ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் நடுக்கமின்றி இருந்தனர். விலையும் உண்டு: நிலையான இதயமுடுக்கி பொருத்த வேண்டிய தேவை 100 நோயாளி-ஆண்டுகளுக்கு 8.1 என்பதிலிருந்து 21.5 ஆக உயர்ந்தது. அவ்வறுவையில் இடது மேலறைத் துணைப்பையையும் மூடுவது அறிவுடைமை என்பதற்கு வலுவான சான்று வேறொன்று. வேறு காரணத்திற்காக இதய அறுவைக்கு வந்த நடுக்க நோயாளிகள் 4,811 பேரிடம் 2021இல் வெளியான ஆய்வில், துணைப்பை மூடப்பட்டோரில் பக்கவாதமும் உறைவடைப்பும் 4.8 விழுக்காடு, மூடப்படாதோரில் 7.0 விழுக்காடு.

வால்வு அறுவைக்குப்பின் எஞ்சும் நடுக்கத்தைக் கதீட்டரால் பின்னர் முடிப்பதும் ஒருவகைக் கூட்டுச் சிகிச்சையே. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வால்வு அறுவையை உள்ளடக்குவதால், காரிமங்கலத்து ஏழை நோயாளிக்கு அண்மையில் உள்ள 'கூட்டு' வழி இதுவாகவே இருக்கும். பெயர்பெற்ற புதிய கருவியைவிட, ஏற்கெனவே திறக்கப்படும் நெஞ்சில் அரைமணி நேரம் கூடுதலாகச் செலவிடும் முடிவு இவ்வட்டாரத்தில் அதிகம் பேருக்குப் பயன்படும். ஆனால் மேலறை மிகப் பெரிதாக விரிந்து, நடுக்கம் பல ஆண்டுகள் ஓடியவர்களுக்கு அந்தப் பயனும் குறைவே. ஆதலின் வால்வு நோயாளியை அறுவைக்கு அனுப்பும் காலம் முதன்மை பெறுகிறது.

எந்த முறையைக் கையாண்டாலும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து தொடர்கிறது. ருமாட்டிக் இதயநோயோடு நடுக்கமுடைய 4,500க்கும் மேற்பட்டோரிடம் பல நாடுகளில் நடந்து, இந்தியாவின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்ற 'இன்விக்டசு' ஆய்வு 2022இல் வெளியானது. புதிய மருந்தான ரிவரொக்சபானைவிட வைட்டமின்-கே எதிர் மருந்துகளே குறைந்த இறப்போடு அமைந்தன என்பது அதன் முடிவு. வார்ஃபரின், அசெனோகூமரால் முதலிய அப்பழைய மருந்துகளுக்கு இரத்த உறைவுநேரச் சோதனை இடையறாது வேண்டும். கூட்டுச் சிகிச்சை பெங்களூருவில் ஒருநாள் நிகழ்வாக முடியலாம், ஐ.என்.ஆர். சோதனையோ ஆண்டுதோறும் காரிமங்கலத்திலும் தருமபுரியிலும் நிகழ வேண்டியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகத்து 5 அன்று அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டுக்கே மருந்து கொணரும் அத்தகைய அமைப்பில் நாடி பார்த்தலும் உறைவுநேரச் சோதனையும் இடம்பெறின், நடுக்கம் நெடுநாளாக நீடிக்கும் முன்பே பலர் கண்டறியப்படுவர்.

சொல்லும் ஒப்புதலும்

அறுவைக்கு முன் நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் புரிந்தால்தான் ஒப்புதலாகும். இங்கே தமிழ் ஆய்வாளருக்கு நேரடியான பணி உண்டு. இதயத்தின் மேலறையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆரிக்கிள், ஏட்ரியம், மேலறை என்றும், இலங்கைப் பாடநூல்கள் சோணையறை என்றும் வழங்குகின்றன. மானிப்பாயில் சாமுவேல் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்களும் வெளியிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இலங்கை மரபு தனித்து வளர்ந்தது. நோயாளியிடம் பேச மேலறை என்பதே தெளிவானது. இடமும் வடிவும் சொல்லிலேயே விளங்குகின்றன. கதீட்டருக்கு வழங்கும் 'வடிகுழாய்' இவ்விடத்தில் வழுவுடையது. எதையும் வடிக்காத குழாய் அது. சிறுநீர்க்குழாயை அறிந்த நோயாளிக்கு அச்சொல் தவறான படத்தையே தரும். மருத்துவமனைப் பேச்சில் நிலைபெற்றுவிட்ட 'கதீட்டர்' என்பதையே இக்கட்டுரை அதனால் கொண்டது.

மிகக் கடினமானது திசுவைச் சுட்டுச் செயலிழக்கச் செய்யும் வினையைக் குறிக்கும் சொல். 'நீக்கம்' என்றால் ஏதோ வெட்டி எடுக்கப்படுவதாகத் தோன்றும், எடுக்கப்படுவது எதுவுமில்லை. 'சூடு வைத்தல்' என்பது செயலுக்கு மிக நெருங்கியது. ஆனால் மஞ்சள் காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு வைக்கும் வழக்கத்தைக் கண்டோ கேட்டோ வளர்ந்த சிற்றூர் நோயாளிக்கு அது வேறு நினைவைக் கிளப்பும். ஒருவர் அஞ்சலாம், மற்றொருவர் பழகிய மருத்துவம் என நம்பி, கேடுகளைக் கேட்காமலே கையொப்பமிடலாம். வெப்பமின்றி மின்துடிப்பால் திசுவைச் செயலிழக்கச் செய்யும் புதிய கதீட்டர் முறை பரவிவரும் நிலையில் 'சூடு' என்பது பொருளாலும் பொருந்தாமற் போகும். 'தழும்புக்கோடு இடுதல்' என்னும் தொடர் இவ்விடர்களைத் தவிர்க்கிறது. வெட்டோ வெப்பமோ குளிரோ மின்துடிப்போ எதுவாயினும், விளைவது மின்சாரம் கடக்கமுடியாத ஒரு தழும்பு. சிகிச்சையின் நோக்கமும் அதுவே. அத்தழும்பு முழுமையாக அமையாவிடில் நடுக்கம் திரும்பும் என்பதையும், உள்ளும் புறமும் இருவர் ஏன் வேண்டும் என்பதையும் அதே சொல்லைக் கொண்டு விளக்கிவிடலாம். நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேருக்கு ஓராண்டுக்குள் நடுக்கம் திரும்பலாம், நடுக்கம் நின்றாலும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது, வீடு திரும்பியபின் மூச்சுத் திணறினால் உடனே இதயப்படம் எடுக்க வேண்டும் என்னும் மூன்று வாக்கியங்கள் படிவத்தின் முதற்பக்கத்திலேயே, கையொப்பக் கோட்டுக்கு மேலே இடம்பெற வேண்டியவை.